தொழில் என்ற இடத்தில் என்ன போட?

இது கொஞ்சம் நீளமான இழை. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்க.

ஒரு நோயாளியைப் பற்றி எழுதப் போகிறேன். அவரிடம் அனுமதி கேட்டாச்சு. "எழுதுங்க டாக்டர், ஆனா நல்லா எழுதுங்க" என்றார். இருந்தாலும் ஊர், வயசு, குடும்ப விவரம் எல்லாத்தையும் கொஞ்சம் மாற்றியிருக்கேன். கதையில் பாதி என்னைப் பற்றியது. அதில் எதையும் மாற்றவில்லை.

பொன்னேரிப் பக்கம் அரசு மருத்துவமனையில் திங்கட்கிழமை ஓபி எப்படி இருக்கும்னு இந்தப் பக்கத்துக்காரங்களுக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் நைட் ஷிப்ட் முடிச்சு நேரா வந்தவங்க, வயக்காட்டில் இருந்து வந்தவங்க, பழவேற்காட்டுக் குப்பங்களில் இருந்து முதல் பஸ் பிடிச்சு வந்தவங்க. மீன் விற்கிற அம்மாக்கள் கூடையை வாசலில் வச்சுட்டு, ஒரு கண்ணைக் கூடை மேலயே வச்சுக்கிட்டு வரிசையில் நிப்பாங்க.

அப்படி ஒரு திங்கட்கிழமை. சீட்டு போடுற இடத்தில் சத்தம். எட்டிப் பார்த்தேன்.

"தொழில் என்ன?" என்று கேட்டிருக்கிறார் சீட்டு எழுதுகிறவர். கூட வந்த மனைவி "வீட்லதான் இருக்காரு" என்று சொல்லியிருக்கிறார். அதுதான் பிரச்சினை.

"எழுத்தாளர்னு போடுங்க. எழுத்தாளர், இயக்குநர்."

"அவ்ளோ இடம் இல்ல சார்."

"அப்போ எழுத்தாளர்னு மட்டும் போடுங்க."

நாற்பது தாண்டியவர். எலும்பும் தோலுமாக இருந்தார். சட்டை மட்டும் மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டது. பாக்கெட்டில் இரண்டு பேனா. ரெண்டு மாச இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி வேர்வை. எடை 44 கிலோ. எக்ஸ்ரேயில் வலது நுரையீரல் மேல்பக்கம் குழி விழுந்திருந்தது. சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியானது. நல்ல வேளையாக, ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படுகிற கிருமிதான்.

விஷயத்தைச் சொன்னதும் பெரும்பாலானவங்க அழுவாங்க, இல்லைன்னா அமைதியாயிடுவாங்க. இவர் லேசாகச் சிரித்தார்.

"புதுமைப்பித்தனுக்கும் இதே வியாதிதான் டாக்டர்."

சொன்ன விதத்தில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. ஏதோ சங்கத்தில் உறுப்பினர் அட்டை கிடைச்ச மாதிரி.

பின்னாடி நின்ற மனைவி, "இது சரியாயிடுமா சார்?" என்று கேட்டார்.

"நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது. நான் பேசிக்கினு இருக்கேன்ல" என்றார் அவர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஓபியில் இதை தினமும் நாலு பேர் தன் மனைவியிடம் சொல்லுவாங்க. பழகிப் போனதுதான். அன்றைக்கு மட்டும் ஏன் அவ்வளவு கோபம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

குடும்பத்தைப் பற்றி விசாரித்தேன். காசநோய் என்றால் வீட்டில் யார் யார், எத்தனை ரூம், சின்னப் பிள்ளைகள் உண்டா எல்லாம் கேட்டாக வேண்டும்.

ஏரிக்கரை ஓரமாக ஒரு குப்பத்தில் வீடு. மனைவி விடியற்காலையில் மீன் ஏலம் எடுத்து, பஸ் ஏறி, பொன்னேரி மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்கிறார். அம்மா கருவாடு காயவைத்து விற்கிறார். அவருக்கு முதியோர் உதவித்தொகையும் வருகிறது. இரண்டு பிள்ளைகள், பெரியவளுக்குப் பத்து வயசு.

பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை காலங்காலமாக இருக்கிறது. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்வார்கள். எல்லாருக்கும் நல்ல இடமும் கிடைக்கணும், சண்டையும் வரக்கூடாது என்பதற்காக. இவர் குடும்பத்துக்கும் பாடு உண்டு. போவது இவர் தம்பி. வருகிறதில் ஒரு பங்கை அண்ணன் வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறார். ஆக, பாடு இவர் வீட்டுக்கு, படுகிறவங்க எல்லாரும் மத்தவங்க.

இவர்? இருபது வருஷத்துக்கு முன்னாடி ஒரு படத்தில் துணை இயக்குநர். அந்தப் படம் வெளிவரவில்லை. அதுக்கப்புறம் வடபழனி, சாலிகிராமம் என்று அலைச்சல். பொன்னேரியில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல், அங்கிருந்து பஸ். நிறைய 'டிஸ்கஷன்'. சாப்பாடு போடுவாங்க, சில நாள் இருநூறு ரூபாய் பேட்டா. பெட்டி நிறைய நோட்டுப் புத்தகங்கள் இருக்காம். ஏழு கதை ரெடி என்றார்.

"டாக்டர், மாத்திரையை ஒரு மாசம் கழிச்சு ஆரம்பிக்கலாமா? ஒரு புராஜெக்ட் போய்க்கிட்டிருக்கு."

முடியாது என்றேன். வெறும் வயிற்றில் தினமும் மூன்று மாத்திரை, ஆறு மாசம், ஒரு நாள் விடக்கூடாது. ஒண்ணு ரெண்டு வாரத்திலேயே இருமல் குறையும், பசிக்கும், 'நமக்குச் சரியாயிடுச்சு' என்று தோணும். அங்கேதான் நிறைய பேர் விட்டுவிடுவார்கள். செத்த கிருமி போக மீதி இருக்கிறது மருந்துக்கே அடங்காத கிருமியாக வளரும் ஆபத்து அங்கேதான் ஆரம்பம். சிறுநீர் ஆரஞ்சு, சிவப்பு நிறத்தில் போகும், அது ரிஃபாம்பிசினால் வருவது, ரத்தம் இல்லை, பயப்படாதீங்க என்றும் சொன்னேன். அவர் பேனாவைச் சுழற்றிக்கொண்டிருந்தார். மனைவி மட்டும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் பரிசோதனை செய்து, நோய் இல்லை என்று உறுதியானதும் தடுப்பு மாத்திரை ஆரம்பித்தோம்.

சிகிச்சை அட்டையில் 'சிகிச்சை ஆதரவாளர்' என்று ஓர் இடம் உண்டு. நோயாளி மாத்திரை போடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவர் பெயர். அதில் யாரைப் போடலாம் என்று கேட்டேன். ஒரு இணை இயக்குநரின் பெயரைச் சொன்னார்.

"அவர் உங்க வீட்டுப் பக்கமா?"

"வளசரவாக்கம். பெரிய ஆளு."

சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதி வைத்தேன்.

ஆறாவது வாரம் அந்த அம்மா தனியாக வந்தார். மீன் கூடை வாசலில். கை விரலில் எல்லாம் முள் கிழித்த கோடுகள்.

"சார், அவரு மாத்தர துண்றதில்ல."

எப்படித் தெரியும், அட்டை காலியாகுதே என்றேன்.

"காலைல பாக்கெட்ல போட்டுக்குனு ரயிலேறிடுறாரு. அங்க போயி துண்றேன்றாரு. மூத்திரம் செவப்பா போவல சார். நாலஞ்சி நாளா பாக்கறேன். பாத்ரூம் நான்தான கழுவுறேன்."

ஒரு நிமிஷம் எனக்குப் பேச்சு வரவில்லை. மருந்து ஒழுங்காக உள்ளே போகிறதா என்று கண்டுபிடிக்க நாங்கள் படித்த முறைகளில் ஒன்றை, பக்கெட்டும் துடைப்பமுமாக அந்த அம்மா செய்து முடித்திருந்தார்.

"கவர்மெண்ட்டு ஆயிரம் ரூவா சத்துணவுக்குப் போடுதில்ல, அது அவரு அக்கவுண்ட்ல ஏறுது. முட்டை நான் வாங்கறேன். அது பரவால்ல சார். பத்து வயசுப் பொண்ணு அவ தடுப்பு மாத்திரைய நாள் தவறாம போட்டுக்குறா. இவரு தூக்கி எறியுறாரு."

(காசநோய் சிகிச்சையில் இருக்கிற எல்லாருக்கும் ஒன்றிய அரசின் ஊட்டச்சத்து உதவித்தொகை உண்டு. 2018-ல் மாதம் 500 ரூபாய் என்று தொடங்கி, 2024 நவம்பரில் இருந்து 1000 ரூபாய். வராதவங்க உங்க மருத்துவமனையில் வங்கிக் கணக்கு விவரத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்க.)

மறுநாள் அவரை வரச் சொன்னேன். வந்தார். அதே இஸ்திரி. ஓபி முடிந்த பிறகு, யாரும் இல்லாத நேரத்தில் திட்டினேன். நன்றாகவே திட்டினேன். ஏசி ரூமில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஆறு பேரோடு உட்காருறீங்க, அவங்க வீட்டிலும் குழந்தைங்க இருக்காது? மாத்திரையை நாலு நாள் போட்டு நாலு நாள் விட்டால் அடுத்து வருகிற வியாதிக்கு வைத்தியம் இதைவிட நீளம், இதைவிடக் கஷ்டம். தெரியுமா உங்களுக்கு?

அமைதியாகக் கேட்டார். அப்புறம் சொன்னார்.

"நீங்க டாக்டர். உங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம். ஒரு படைப்பாளியோட வலி உங்களுக்குத் தெரியாது."

"தெரியும் சார். நானும் ஒரு நாவல் எழுதியிருக்கேன்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்தப் பதிப்பகம்?"

"வரல."

"ஓ."

அந்த 'ஓ'வில் இருந்த பரிதாபத்தை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். முதல் தடவையாக அன்றைக்குத்தான் அவர் என்னைச் சமமான ஆளாகப் பார்த்தார்.

இனி என் கதை.

எம்பிபிஎஸ் முடித்து, ஹவுஸ் சர்ஜன் முடித்து, ஒன்றரை வருஷம் வீட்டில் இருந்தேன். ஊருக்குச் சொன்னது, பிஜி நுழைவுத்தேர்வுக்குப் படிக்கிறேன் என்று. உண்மையில் நாவல் எழுதினேன். 640 பக்கம். ஒரு கடற்கரைக் கிராமத்துக்கு வந்து அதைக் காப்பாற்றுகிற இளம் மருத்துவர் கதை. ஹீரோ யார் என்று சொல்லணுமா?

அப்பா இல்லை. வீடு அக்கா சம்பளத்தில் ஓடியது. அக்கா ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். தனியார் பள்ளி டீச்சர் சம்பளம் எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். எனக்குக் கோச்சிங் ஃபீஸ் கட்ட ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தாள். நான் மொத்தம் பத்து கிளாஸ் போயிருப்பேன்.

ஒரு நாள் காலை. முக்கியமான அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்படியில் மிக்சி. எழுந்து போய்க் கத்தினேன். "ஒரு மனுஷன் உட்கார்ந்து வேலை செய்யுறது தெரியலயா? இந்த வீட்டில யாருக்காவது கொஞ்சமாவது புரியுதா?" அக்கா மிக்சியை அணைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பள்ளிக்கூடம் கிளம்பிப் போனாள். அன்றைக்கு அவள் டப்பாவில் சட்னி இருந்திருக்காது.

அதுக்கப்புறம் வீட்டில் சத்தமே இல்லை. எல்லாரும் புரிந்துகொண்டார்கள் என்று நினைத்தேன். சாயங்காலம் டியூஷன் பிள்ளைகளை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அதையும் காற்றுக்காகப் போகிறார்கள் என்றே நினைத்தேன்.

நாவலை மூன்று இடத்துக்கு அனுப்பினேன். ஒரு இடத்தில் இருந்து 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. தேர்விலும் ரேங்க் வரவில்லை. கேட்டவர்களிடம் சிஸ்டம் சரியில்லை என்றேன், தமிழ் வாசகர்கள் சரியில்லை என்றேன். பிறகு அரசுப் பணி கிடைத்தது, இங்கே வந்தேன். இன்றைக்கும் என் பெயருக்குப் பின்னால் எம்பிபிஎஸ் மட்டும்தான்.

சில வருஷம் கழித்து ஒரு பொங்கலுக்கு வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "அப்பல்லாம் சட்னி வேற மாதிரி இருக்கும்க்கா, இப்ப அந்த ருசி இல்ல" என்றேன்.

அம்மா சொன்னாள்: "அது அம்மில அரைச்சதுடா. நீ எழுதறப்போ மிக்சி சத்தம் ஆகாதுன்னு அவதான் நாலரை மணிக்கு எழுந்து கொல்லைப்புறத்து அம்மில அரைப்பா."

"விடும்மா" என்றாள் அக்கா.

ஒரு வருஷத்துக்கு மேல். தினமும். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாவலில் ஒரு அத்தியாயத்தில், அம்மியில் அரைத்த சட்னியின் மணத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். 'தொலைந்து போன தமிழ் வாழ்வின் மணம்' என்ற தினுசில். அது தொலையவே இல்லை. பத்தடி தூரத்தில் கொல்லைப்புறத்தில் ஒருத்தி அரைத்துக்கொண்டிருந்தாள். நான் நாலரை மணிக்குத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமைக் கோபம் எங்கே இருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். மிக்சி, அம்மி எல்லாம். கதை சொல்கிற மாதிரி நன்றாகத் தலையாட்டிக் கேட்டார். "நல்ல சீன் டாக்டர்" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"சார், புதுமைப்பித்தன்னு சொன்னீங்களே. அவர் எப்படிச் செத்தார்னு தெரியுமா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சொ. விருத்தாசலம் என்ற புதுமைப்பித்தன் சென்னையில் பத்திரிகை ஆபீஸ்களில் வேலை பார்த்தார். சம்பளம் பற்றாத வாழ்க்கை. பிறகு சினிமா. சொந்தமாகவே ஒரு படக் கம்பெனி ஆரம்பித்து 'வசந்தவல்லி' என்று படம் எடுக்கப் பார்த்தார், நடக்கவில்லை. எம்.கே.டி. பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு வசனம் எழுதப் புனே போனார். அங்கே காசநோய் முற்றியது. திரும்பித் திருவனந்தபுரம் வந்து, 1948-ல் இறந்தார். வயசு 42. ஒரு சின்னப் பெண் குழந்தை.

அதே 1948-ல்தான் ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்கு வேலை செய்கிறது என்று பிரிட்டனில் நடந்த முறையான ஆய்வு வெளியானது. நம் ஊர்ச் சாதாரண ஆளுக்குக் கிடைக்கிற மருந்தாக அது அப்போது இல்லை. இன்றைக்குக் காசில்லாமல் கையில் கொடுக்கிற மாத்திரையில் நாலு மருந்து சேர்ந்திருக்கிறது. அதில் ஒன்றுகூடப் புதுமைப்பித்தன் காலத்தில் காசநோய்க்குப் புழக்கத்தில் இல்லை.

"அவருக்குக் கிடைக்காததை நீங்க சட்டைப் பாக்கெட்ல வச்சுக்கிட்டுப் போய் தூக்கி எறியுறீங்க சார்."

அப்போதுதான் அவர் முகம் மாறியது.

நான் விடவில்லை. கமலாவைத் தெரியுமா என்றேன். புதுமைப்பித்தன் மனைவி. அவர் சென்னையில் அலைந்த காலத்தில் பெரும்பகுதி கமலா திருவனந்தபுரத்தில், பிறந்த வீட்டில். கமலாவும் சிறுகதைகள் எழுதியவர்தான். அது எத்தனை பேருக்குத் தெரியும்? புதுமைப்பித்தன் கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்று புத்தகமாகவே வந்திருக்கின்றன. பணம் அனுப்ப முடியாத தவிப்பு, உடம்பு எப்படி இருக்கிறது என்ற விசாரிப்பு, சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்ற சமாதானம். கையில் காசில்லாதபோதும் அந்த மனுஷன் மனைவியை நினைத்துப் பேனாவை எடுத்திருக்கிறார்.

"நீங்க உங்க வீட்டுக்காரம்மாவுக்கு என்னைக்காவது ஏதாவது எழுதியிருக்கீங்களா?"

பதில் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "வாழ்ந்த காலத்துல பாரதியை யாரு மதிச்சாங்க டாக்டர்? புதுமைப்பித்தனை யாரு மதிச்சாங்க?" என்றார். குரலில் பழைய மிடுக்கு இல்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் இருபது வருஷம் ரயில் ஏறியிருக்கிறார் என்று தெரிந்தது. அந்த ஒன்றரை வருஷத்தில் நானும் அதே கயிற்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சொந்தங்களே, இதில் மருத்துவம் படித்தவங்களுக்கு முதல் வருஷத்திலேயே புரிகிற ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. மலேரியா வந்தால் காய்ச்சல் வரும். ஆனால் காய்ச்சல் வந்தவங்க எல்லாருக்கும் மலேரியா இல்லை. பெரிய படைப்பாளிகள் சிலரை வாழ்ந்தபோது உலகம் கண்டுகொள்ளவில்லை, உண்மை. உலகம் கண்டுகொள்ளாதவங்க எல்லாரும் பெரிய படைப்பாளி இல்லை. பாரதி பெயர் நமக்குத் தெரியும். அதே மாதிரி தன்னை நினைத்துக்கொண்டு, பரணில் நோட்டுப் புத்தகத்தோடு முடிந்து போன ஆயிரம் பேரின் பெயர் நமக்குத் தெரியாது. அவங்க வீட்டில் அரிசி கடன் வாங்கியவங்க பெயர் சுத்தமாகத் தெரியாது.

அந்த வாதம் தப்பு என்று மட்டும் சொல்லி நிறுத்தவும் எனக்கு இஷ்டமில்லை. ஒருவேளை என் நாவல் வெளிவந்து, விருது வாங்கி, ஊரே கொண்டாடியிருந்தால்? அக்கா நாலரை மணிக்கு அம்மியில் உட்கார்ந்தது சரியாகியிருக்குமா? அப்போதும் அவளுக்குத் தூக்கம் போனது போனதுதான். தோற்றதால் நான் அவளுக்குக் கடன்காரன் ஆகவில்லை. ஜெயித்திருந்தாலும் அதே கடன்தான். ஜெயித்திருந்தால், கடன் இருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

வீட்டை நம்பி வாழ்வதும் தப்பில்லை. எல்லாருமே யாரையாவது நம்பித்தான் வாழ்கிறோம். நம்புகிறவங்களைப் பார்த்து 'உனக்கு ஒண்ணும் தெரியாது' என்கிறோமே, அங்கேதான் கோணல்.

இந்த இடத்தில் நம்ம சென்னையின் ஒரு பெருமையைச் சொல்ல வேண்டும்.

1950-கள் வரை காசநோய் என்றால் சானடோரியத்தில் மாசக்கணக்கில் படுக்க வைக்க வேண்டும், நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு எல்லாம் வேண்டும் என்பதுதான் உலகத்தின் நம்பிக்கை. ஏழை நாட்டில் அத்தனை கட்டிலுக்கு எங்கே போவது? 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து. இருநூறுக்குச் சற்றுக் குறைவான ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்தில். பாதிப் பேர் சொந்த வீட்டில், நெருக்கடியான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டில். இரு பக்கத்துக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம்.

1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தினருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சை மாறியதற்கு அந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம். அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அந்த ஆய்வில், நோயாளி உண்மையிலேயே மருந்து சாப்பிடுகிறாரா என்று பார்க்கத் திடீரென்று வீட்டுக்குப் போய் சிறுநீரைச் சோதித்தார்கள். எழுபது வருஷம் கழித்து, எந்த ஆய்வுக் கட்டுரையும் படிக்காமல், ஒரு மீன்காரம்மா செய்தது அதேதான்.

ஜெயித்தது மருந்துதான், சந்தேகமே இல்லை. ஆனால் 'வீட்டு சிகிச்சை' என்ற வார்த்தையில் வீடு என்பது நாலு சுவரா? யாரோ ஒருத்தர் தண்ணி மொண்டு கொடுத்திருக்கிறார், ஞாபகப்படுத்தியிருக்கிறார், திட்டியிருக்கிறார், வாந்தியைக் கழுவியிருக்கிறார். அவங்க பெயர் எங்கேயும் இல்லை.

இதைச் சொல்லி முடித்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம்தான் உண்மையைச் சொன்னார்.

"அந்த ரூம்ல மாத்திரையை எடுத்துப் போட முடியல டாக்டர். என்ன மாத்திரைன்னு கேப்பாங்க. டிபின்னு தெரிஞ்சா நாளைலருந்து வராதன்னுடுவாங்க. அந்த ஒரு நாற்காலிதான் எனக்குன்னு இருக்கு."

நான் அவ்வளவு நேரம் திமிர் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். பாதி பயம். அந்த நாற்காலியும் போய்விட்டால், இஸ்திரிச் சட்டைக்குள்ளே இருப்பது யார் என்ற பயம். மருத்துவர் பட்டம் மட்டும் இல்லையென்றால் எனக்கும் அதே பயம் வந்திருக்கும். எனக்கு இன்னொரு நாற்காலி இருந்தது, தப்பித்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

"ரயில் ஏறறதுக்கு முன்னாடி வீட்டிலயே போட்டுடுங்க. யாருக்கும் தெரிய வேண்டாம். முதல்ல சளியில கிருமி இல்லன்னு வரட்டும், அப்புறம் ரூமுக்குப் போங்க. அது வரைக்கும் கதையை வீட்டில உட்கார்ந்து எழுதுங்க."

சிகிச்சை அட்டையை எடுத்தேன். வளசரவாக்கத்தை அடித்துவிட்டு, யார் பெயர் போடட்டும் என்றேன். அட்டையைக் கையில் வாங்கி, தன் பேனாவால் தானே எழுதினார். நல்ல கையெழுத்து. எழுதிவிட்டு, "இனிஷியல் என்னன்னு அவளைத்தான் கேக்கணும்" என்றார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம்.

விட்ட நாட்களைச் சேர்த்து மறுபடி ஒழுங்காகத் தொடர்ந்தோம். அடுத்த சளிப் பரிசோதனை முடிவு வருகிற வரை எனக்கு உள்ளுக்குள் உதறல்தான். கிருமி இல்லை என்று வந்தது. சிகிச்சை முடிந்தபோது எடை 53 கிலோ. பிள்ளைகள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள்.

திருந்திவிட்டார், இப்போது கூடை தூக்குகிறார் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது அது இல்லை. அந்தப் படம் பேச்சு வார்த்தையிலேயே நின்றுவிட்டது. எட்டாவது கதை எழுதிக்கொண்டிருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் பஸ் ஸ்டாண்டு வரை மனைவி கூடையைத் தூக்கிக்கொண்டு வருகிறாராம், மற்ற நாள் மூடு இருக்காதாம். போன தடவை வந்தபோது சீட்டில் தொழில் என்ன என்று கேட்டதற்கு, மனைவியைக் காட்டி, "இவங்க மீன் வியாபாரம். நான் எழுதறேன்" என்றார். அந்த அம்மாவின் தொழிலை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"படம் எடுத்தா டாக்டர் கேரக்டர் உங்களுக்குத்தான்" என்று சொல்லியிருக்கிறார். காத்திருக்கிறேன்.

இதைப் போடுவதற்கு முன்னால் அக்காவுக்கு அனுப்பிப் படிக்கச் சொன்னேன். அவளைப் பற்றி எழுதியிருக்கேன், கேட்காமல் போடக்கூடாது இல்லையா. போன் பண்ணினாள். அம்மி, மிக்சி பற்றி ஒன்றும் பேசவில்லை.

"அந்த 640 பக்கத்துல சட்னி வர்ற இடம் மட்டும் நல்லா இருந்துச்சுடா. மத்தது ஓடல" என்றாள்.

"நீ எப்போக்கா படிச்சே?"

"நீ தூங்கறப்போ. அரைச்சு முடிச்சிட்டு, காபி போடறதுக்கு முன்னாடி தினம் நாலு பக்கம்."

என் நாவலை முழுசாகப் படித்த ஒரே வாசகி அவள்தான். அவளுக்குத்தான் நான் 'உங்க யாருக்காவது புரியுதா' என்று கத்தியிருக்கிறேன்.

அவ்வளவுதான் சொந்தங்களே. உங்க வீட்டில் எழுதுகிறவர், வரைகிறவர், பாடுகிறவர், படம் எடுக்கக் காத்திருக்கிறவர் யாராவது இருந்தால் திட்டாதீங்க. ஆனால் மிக்சியைப் போடுங்க. சத்தம் கேட்டால் எழுத்து ஒன்றும் செத்துவிடாது. நீங்களே அந்த ஆள் என்றால், நாளைக்குக் காலையில் ஒரு நாள் சீக்கிரம் எழுந்து அடுப்படிப் பக்கம் போய்ப் பாருங்க.

அப்புறம், வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு வாங்க. பரிசோதனையும் மருந்தும் இலவசம். தொழில் என்ன என்று கேட்டால், கூட வந்தவங்க தொழிலையும் சேர்த்துச் சொல்லுங்க.